மதினி உடைத்த கண்ணாடி

தரையில் கிடந்தபடி நான் பார்த்தது ஓர் இரும்பு ஸ்டூலின் நான்கு கால்களை. அவை என் தலைக்கு மேலே உயர்ந்தன, ஒரு கணம் அப்படியே நின்றன, பிறகு ஜன்னலுக்குள் பாய்ந்தன. கண்ணாடி முழுவதும் உடைந்து என் கால்மாட்டில் கொட்டியது. வெளிக்காற்று, டீசல் வாடையும் பஜ்ஜி வாடையுமாக, முகத்தில் வந்து அறைந்தது. அந்த ஸ்டூலைத் தூக்கி வீசியது என் மதினி, அண்ணனின் மனைவி. அன்றைக்கு எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

பேச்சு நின்றுபோனதற்குக் காரணம் வீட்டுச் சண்டைதான். யார் தண்ணீர் பிடிப்பது என்று தொடங்கி, மதினி எறிந்த செம்பு என் நெற்றியைக் கிழித்ததில் போய் முடிந்தது. அவர் கோபம் எப்போதும் கையில்தான் இருக்கும். ஆனாலும் காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறுவோம், பழங்காநத்தத்தில் இறங்குவோம், ஒரே மாடிப்படியில் ஒருவர் பின் ஒருவராக ஏறிப்போய் ஒரே வரிசையில் உட்காருவோம். எல்இடி விளக்குகளுக்குள் வைக்கிற சின்னச் சின்ன போர்டுகளுக்குச் சால்டரிங் வைப்பது எங்கள் வேலை. அங்கே வேலை பார்த்தது எல்லாம் பெண்கள். எங்களுக்கு மேலே மேனேஜர், அவருக்கு மேலே எப்போதாவது வந்துபோகிற முதலாளி.

சால்டர் கம்பிக்குள் ஒரு பிசின் இருக்கும். பேனா மாதிரிப் பிடிக்கிற சூடான அயர்ன் பட்டதும் ஈயம் உருகும், பிசின் எரிந்து நூல் மாதிரி வெண்புகை எழும். போர்டில் இருப்பவை கடுகளவுப் பொருட்கள் என்பதால் குனிந்துதான் பார்க்கவேண்டும். குனிந்த முகத்துக்குள் அந்தப் புகை நேராக ஏறும். முன்பெல்லாம் ஜன்னல்கள் திறந்திருந்தன, சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது. ஏசி வைத்ததும் ஜன்னல்களை ஸ்க்ரூ போட்டு மூடினார்கள். குளிர் வெளியே போகிறது என்று ஃபேன் இருந்த ஓட்டையைச் செங்கல் வைத்துப் பூசினார்கள். பொருள் திருட்டுப் போகிறது என்று வாசல் கதவுக்கும் பூட்டு வந்தது, சாவி மேனேஜரின் பேன்ட் பைக்குப் போனது. எங்கள் புகை எங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

முதலில் எனக்குக் கண் எரிந்தது. பிறகு இருமல். பிறகு நெஞ்சுக்குள் விசில். தல்லாகுளத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டவர், "ஞாயித்துக்கெழமை எப்பிடிம்மா இருக்கு?" என்றார். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருக்கும், திங்கள் மத்தியானம் திரும்ப வந்துவிடும் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மருந்து தாரேன். ஆனா அந்தப் பொகை ஒன் மூக்குக்கு வரக்கூடாது. வேலை செய்யிற எடத்துலயே அதை இழுத்து வெளிய தள்ளணும். துணி மாஸ்க்கெல்லாம் இதுக்குக் கேக்காது."

இதை மேனேஜரிடம் சொன்னேன். அவர் ஒரு துணி மாஸ்க்கை எடுத்து நீட்டினார்.

மறுநாள் மதினி எங்கள் வீட்டு டேபிள் ஃபேனைச் சேலையில் சுற்றி எடுத்துவந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. புகை என் முகத்துக்கு வராமல் விலகிப்போகும்படி அதை என் மேசை ஓரம் திருப்பி வைத்தார். மேனேஜர் பார்த்தார். காற்று பட்டால் அயர்ன் ஆறிப்போகும், வேலை கெடும் என்று கத்தினார். ஒயரைப் பிடித்து இழுத்தார். ஃபேனைத் தூக்கிச் சுவரில் அடித்தார். றெக்கை ஒன்று பறந்துபோய் ஒரு பெண்ணின் காதோரம் கீறிவிட்டது. மதினி அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. உடைந்த துண்டுகளைப் பொறுக்கிச் சேலைக்குள் கட்டிக்கொண்டார். அவர் சும்மா இருந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

நான் விழுந்த நாளில் பெரிய ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மூச்சை உள்ளே இழுக்கிறேன், போகவில்லை. எழுந்து கதவுப்பக்கம் நடக்கப் பார்த்தேன், தரையில் விழுந்துவிட்டேன். "கதவைத் தெறங்க சார்!" என்று யாரோ அலறினார்கள். "நடிக்கிறா. ஆளாளுக்கு வேலையப் பாருங்க" என்று மேனேஜர் சொன்னது காதில் விழுந்தது. ஸ்டூல் அதற்கு அடுத்ததாகத்தான் பறந்தது.

கண்ணாடி விழுந்து முடிவதற்குள் மேனேஜர் மதினியின் கொண்டையைப் பிடித்துவிட்டார். ஒரு அறை. உதடு கிழிந்தது. இன்னொரு அறை. தலையை மேசையில் வைத்து அழுத்தினார். மதினியின் கை மேசை மேல் துழாவியதை நான் பார்த்தேன். கிடைத்தது சால்டரிங் அயர்ன். அதை மேனேஜரின் முன்கையில் வைத்து அழுத்தினார், எடுக்கவில்லை. தோல் சீறியது. எங்கள் போர்டுகளிலிருந்து எழும் அதே நூல் மாதிரிப் புகை அவர் கையிலிருந்து எழுந்தது. மேனேஜர் ஊளையிட்டபடி கீழே விழுந்தார். மதினி அவர் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தார், கதவைத் திறந்தார், என்னைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அவர் வாய் ரத்தம் என் கழுத்தில் வடிந்தது. என்னைத் தூக்கும்போது தரைக் கண்ணாடி கிழித்த உள்ளங்கையின் ரத்தம் என் முதுகில். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க் வழியாக எனக்கு மூச்சு திரும்பியபோது பக்கத்தில் நின்றிருந்தார்.

"செத்துத் தொலைச்சிருந்தேன்னா ஒங்கண்ணனுக்கு யாருடி பதில் சொல்றது?" என்றார். மாதக்கணக்கில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

போலீஸ் ஸ்டேஷனில் மேனேஜர் கட்டுப்போட்ட கையோடும் மதினி தையல் போட்ட கையோடும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கதவைப் பூட்டிவைத்த விஷயம் வெளியே போய்விடுமோ என்று முதலாளிக்கு வேர்த்தது. "மன்னிப்புக் கேட்ரும்மா. ரெண்டு தரப்பும் முடிச்சுக்கிருவோம்" என்றார். "கேட்டுட்டு வா" என்று அண்ணன் பல்லைக் கடித்தான்.

"கேக்குறேன். சுட்டது நாந்தேன், இல்லைன்னு சொல்லல" என்றார் மதினி. "ஆனா இங்க கேக்க மாட்டேன். மேசைக்கு மேசை பொகையை இழுக்குற கொழாயை மாட்டுங்க. கதவுல பூட்டைக் கழட்டுங்க. அப்பறம் வாரேன். அம்புட்டுப் பேரு முன்னாடியும் கேக்குறேன்."

குழாய்களை மாட்டி முடித்ததும் ஆள் அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு மேசையிலும் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் வளைந்து போர்டுக்குப் பக்கத்திலேயே வாய் திறந்திருந்தது. மதினி கைப்பையிலிருந்து ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தினார். மேசை மேசையாகப் போய்க் காட்டினார். புகை வளைந்து குழாய்க்குள் ஓடியது. கடைசி மேசையில் மட்டும் நேராக மேலே, அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணின் முகத்துக்குப் போனது.

"ஒன்னுதான, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் மேனேஜர்.

மதினி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேனேஜரின் கண் அந்த ஸ்டூலை விட்டு அகலவில்லை. மெக்கானிக் வந்தார். குழாய்க்குள் சிக்கிக் கிடந்த பிளாஸ்டிக் தாளை உருவி எடுத்தார். ஊதுபத்திப் புகை வளைந்தது. மதினி எழுந்து மேனேஜருக்கு எதிரே போய் நின்றார்.

"சார், ஒங்க கையைச் சுட்டது தப்பு. மன்னிச்சிருங்க."

"சரி, சரி."

"என்னைய அறைஞ்சதுக்கு?"

மேனேஜர், வாசலோரம் நின்ற முதலாளியைப் பார்த்தார். பெண்கள் ஒவ்வொருவராக அயர்னை ஸ்டாண்டில் வைத்தார்கள். வேலை நின்றது. குழாய்கள் காற்றை இழுக்கும் இரைச்சல் மட்டும் கேட்டது. முதலாளி அவரைப் பார்த்தார். மேனேஜர் சட்டைக் கையை இழுத்து வடுவை மறைத்துக்கொண்டு, "மன்னிச்சிரும்மா" என்றார். தொண்டைக்குள்ளேயே சொன்னார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

நாங்கள் இருவரும் அங்கே திரும்ப வேலைக்குப் போகவில்லை. என் நெஞ்சு முழுசாகச் சரியாகவும் இல்லை. சாம்பிராணி போட்டாலும், பக்கத்து வீட்டில் குப்பையை எரித்தாலும் இன்றைக்கும் இன்ஹேலரைத் தேடுகிறேன். வீட்டில் சண்டை நின்றபாடில்லை, போன வாரம்கூட மதினி என் மேல் கரண்டியை எறிந்தார். மாட்டுத்தாவணிக்குப் பஸ்ஸில் போகும்போது அந்த மாடியின் பின்சுவர் தெரியும். எல்லாக் குழாய்களும் சேர்ந்து வெளியே வரும் இடத்தில் ஒரு பெரிய ஃபேன் இருக்கிறது. ஜன்னலோரம் மதினிதான் உட்காருவார். பஸ் அந்த இடத்தைத் தாண்டும்வரை கழுத்தை வளைத்துப் பார்ப்பார்.

"ஓடுதுடி" என்பார். பிறகுதான் டிக்கெட் எடுப்பார்.