சூடு தெரியாத கை

சலவைக் கடையில் வருடக்கணக்காக இஸ்திரி போட்டு அவனுடைய விரலும் உள்ளங்கையும் மரத்துப்போயிருந்தன. பெட்டி காய்ந்துவிட்டதா என்று அடிப்பக்கத்தை விரலால் தொட்டுப் பார்ப்பான். ஒருமுறை கையுறை கேட்டான். "ஏன், தங்கத்துல வளையலும் போட்டு விடவா?" என்று முதலாளி சிரித்தான். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்தது.

குழந்தைக்குத் தொப்புள்கொடி உதிர்ந்து, இன்றுதான் தொட்டியில் முதல் குளியல். மனைவிக்கு வயிற்றுத் தையல் இன்னும் ஆறவில்லை. குனிந்தால் உயிர் போகிறது. அதனால் அவனே கலந்த தண்ணீரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"பதமாத்தான் இருக்கு."

சுவரைப் பிடித்து வந்தவள் முழங்கையை நனைத்தாள். வெடுக்கென்று இழுத்தாள்.

"கொதிக்குதுங்க. உங்க கைய நம்பினா புள்ள வெந்துடும்."

அவள் முழங்கை சிவந்திருந்தது.

அவனுடைய அக்கா இதற்காகவே காத்திருந்தவள் போல உள்ளே வந்தாள். "ஆம்பளை செய்யற வேலையாடா இது? அவளையே குளிப்பாட்டச் சொல்லு. ஊர்ல இவ மட்டுந்தான் பெத்தாளா?"

கிழித்துத் தைத்த வயிறு குனியலாம். மீசை வைத்தவன் குனிந்தால் குடும்ப மானம் போய்விடுமாம். அவன் ஆணாகப் பிறந்ததாலா அந்தக் கை மரத்தது? ஒரு கையுறைக்கு மனமில்லாதவனிடம் வேலை செய்ததால் மரத்தது. அதை யாரும் கேட்பதில்லை. பெண்ணைக் கேட்பது சுலபம்.

அவன் தண்ணீரைக் கொட்டினான். இந்தமுறை பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, முழங்கையை வைத்தான். மனைவியும் வைத்துப் பார்த்துத் தலையசைத்தாள். துண்டையும் துணியையும் பக்கத்தில் எடுத்து வைத்தபின், பிடரியைத் தாங்கி, நான்கு விரல் ஆழத் தண்ணீரில் குழந்தையை இறக்கினான்.

போன் அடித்தது. அக்கா எட்டிப் பார்த்தாள்.

"உன் முதலாளிடா. புள்ள தொட்டியில கிடக்கட்டும், ஒரு நிமிஷம் பேசிட்டு வா."

"ஒரு நிமிஷம் போதும்க்கா, மூழ்கறதுக்கு. நீயே எடுத்து என் காதுல வை."

அக்கா முகத்தைத் தூக்கிக்கொண்டு போனை அவன் காதில் வைத்தாள்.

"எங்கடா இருக்கே?"

"புள்ளயக் குளிப்பாட்டறேன் முதலாளி. முடிச்சுட்டுத்தான் வருவேன். வந்தா கையுறை இருக்கணும். இல்லன்னா நாளையிலருந்து பெட்டிய நீங்களே தொட்டுப் பாருங்க."

குழந்தை காலை உதைத்தது. பிடரியிலிருந்து அவன் கையை எடுக்கவில்லை.