இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று

முன்னூறு தறிகள் ஒன்றாக ஓடும் நெசவாலையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது செவிடன் காதில் ஊதிய சங்குதான். அதனால் ஃபிட்டர் அண்ணன் ஸ்பேனரால் இரும்புத் தூணில் தட்டுவார். ஆளுக்கொரு தட்டு. தறிக்காரி ஒருத்திக்கு வேகமாய் இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. கேட்டதும் அவள் திரும்பமாட்டாள். நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் வலது கையை மட்டும் தூக்குவாள். இருபத்தெட்டு வருஷம் அதுதான் அவள் பெயர்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் விட்டதா? ஒரே மகளை எழுப்பக் கதவில் தட்டுவாள், சாப்பிடக் கூப்பிட மேஜையில் தட்டுவாள். மெல்ல ஒன்று, வேகமாய் மூன்று.

"எனக்குப் பேருன்னு ஒண்ணு வச்சிருக்கல்ல? வாயத் திறந்து கூப்பிட்டா முத்து உதிர்ந்துடுமா?" என்று மகள் சண்டைக்கு நிற்பாள். அம்மா சிரித்துவிட்டு மறுபடியும் தட்டுவாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை.

இப்போது அம்மாவுக்கு மூளையில் ரத்தம் உறைந்து, அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள். கண் திறக்கவில்லை.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டே இருங்க," என்றார் டாக்டர். "கேட்டுக் கேட்டுப் பழகின சத்தத்துக்கு, தூங்கும்போதுகூட மூளை காது கொடுக்கும்."

பெற்றவளைப் பெயர் சொல்ல மகளுக்கு நாக்குக் கூசியது. இருந்தும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கூப்பிட்டாள். 'அம்மா' என்றும் கூப்பிட்டாள். அந்த வார்டில் எல்லாரும் எல்லாரையும் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஓர் அசைவும் இல்லை. இப்படியே போய்விடுவாளோ என்று மகள் பயந்தாள்.

அன்று மாலை ஃபிட்டர் அண்ணன் பார்க்க வந்தார். மகள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அந்தப் பேரு அடையாள அட்டையிலதாம்மா இருக்கு. என் தங்கச்சிக்கு அது பழக்கமே இல்ல."

மருந்து ஸ்பூனை எடுத்துக் கட்டில் கம்பியில் தட்டினார். வேகமாய் இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று.

போர்வைக்கு மேலே ஒரு சாண் உயரம், வலது கை எழும்பியது.

நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். மகள் விம்மி விம்மி அழுதாள். உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஆனாலும் பெற்ற மகளுக்கு எழும்பாத கை ஒரு ஸ்பூனுக்கு எழும்பியதே என்று உள்ளுக்குள் சுருக்கென்றது.

"அம்மா, நானும் இங்கதாம்மா இருக்கேன்."

தூக்கிய கை தாழ்ந்தது. தடவித் தடவிக் கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்தது. விரல் முட்டி மெல்ல ஒரு தட்டு தட்டியது. பிறகு வேகமாய் மூன்று.

ஃபிட்டர் அண்ணன் நெற்றியைச் சுருக்கினார். "இது யாரோட தட்டு? எங்க ஆலையில யாருக்கும் இது கிடையாதே?"

"என்னோடது மாமா," என்றாள் மகள். "அம்மா என்னைத்தான் கூப்பிடுறா."