காற்றுப் பிரியக் கேட்ட துஆ

சுனாமிக்கு அடுத்த வருடம். கல்முனையில் கடற்கரையோர வீட்டை இழந்து, ஊருக்குள்ளே ஒரு தற்காலிகக் கொட்டிலில் இருந்தோம். என் கணவர் வயிற்றுவலியை யாரிடமும் சொல்லாமல் அடக்கிக்கொண்டே திரிந்தார். குடல்வால் வெடித்து, வயிறெல்லாம் சீழ் பரவிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சத்திரசிகிச்சை முடிந்தும் அவர் கண் திறக்கவில்லை. மூச்சும் மெஷினில்தான். கடல் விட்டுவைத்த மனிதரை வயிறு கொண்டுபோகப் பார்க்கிறதே என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

குடலில் நமக்கு உதவும் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். சீழுக்கு ஏற்றும் கடும் மருந்து அவற்றையும் கொன்றுவிடுமாம். குடல் அசையாமல் கிடந்தால் கெட்ட கிருமி பெருகி இரத்தத்தில் கலந்துவிடுமாம். நல்ல எருமைத் தயிர் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். அதிலிருக்கும் கிருமியைக்கூட இப்போது இவர் உடம்பு தாங்காது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடட்டும் என்றார்.

"முதல்ல காத்துப் பிரியட்டும், அப்பதான் குடல் அசையுதெண்டு தெரியும். அதுக்குப் பிறகு குழாயால கொஞ்சம் கொஞ்சமாப் பால் குடுப்பம்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என் முன்னால் சத்தமாக ஏப்பம்கூட விடாதவர் அவர். தொழுகைக்குமுன் கைகால் கழுவி எடுக்கும் வுளூ, காற்றுப் பிரிந்தால் முறிந்துவிடும். நானோ தொழுத பாயிலேயே இருந்து, அந்தக் காற்றைத்தான் அல்லாஹ்விடம் துஆவாகக் கேட்டேன்.

தன் தாயை உள்ளே சேர்த்துவிட்டு என்னோடு வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த, பக்கத்து ஊரான பாண்டிருப்பு அக்காவிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் சிரிக்கவில்லை.

"கோயில் அம்மாளுக்கு நேந்திருக்கன் புள்ள. உன்ட மனிசன்ட காத்துக்கும் சேத்துத்தான்."

ஒரு நாள் நடுப்பகல் ளுஹர் தொழுதுவிட்டு வந்தபோது தாதி வாசலில் நின்றார்.

"நல்லாக் காத்துப் பிரிஞ்சிட்டு. இனிப் பால் குடுக்கலாமாம்."

அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் தாதியும் சேர்ந்துகொண்டார். பால் வயிற்றில் தங்கியது, காய்ச்சல் இறங்கியது, பிறகு மெஷினையும் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அவர் வழித்துச் சாப்பிட்ட தயிர்ச் சட்டி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

இப்போதும் தொழப் பள்ளிக்குப் போக இறங்கியவர், வுளூ முறிந்துவிட்டதென்று முணுமுணுத்தபடி குழாயடிக்குத் திரும்புவார். அடுப்படியில் நின்று நான் மெல்ல அல்ஹம்துலில்லாஹ் என்று நன்றி சொல்வேன். அவர் இருக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல செய்தி எனக்கு இன்றுவரை வந்ததில்லை.