ஐந்தாவது ரவுண்டு

1. சேர்ந்த நாள்

என் ஸ்ரீவில்லிபுத்தூர் வகுப்பில் ஜெயராணி வந்து சேர்ந்தது ஒரு மார்ச் மாதச் சாயங்காலம். வயது முப்பத்தாறு. பேண்டேஜ் துணி மில்லில் செக்கிங் வேலை. கல்லூரியில் கபடி ஆடியவள்.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பெண்களுக்கான குரூப் ஃபிட்னஸ் வகுப்பு தொடங்கியவள். காலையில் ராஜபாளையம், சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர். கபடி என்று கேட்டதும் எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

"சுகர், பிரஷர் ஏதும் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர். பன்னெண்டு வருசமா ஒடம்ப அசைக்கல, அம்புட்டுதான். வெளையாண்ட ஒடம்பு, தாங்கிரும்."

வேறெதையும் நான் கேட்கவில்லை.

எங்கள் சர்க்கிட்டில் ஆறு ஸ்டேஷன். ஒவ்வொன்றிலும் நாற்பது விநாடி வேலை, இருபது விநாடி ஓய்வு. விசில் ஊதினால் அடுத்த ஸ்டேஷனுக்கு நகர வேண்டும். ஆறையும் முடித்தால் ஒரு ரவுண்டு. புதியவர்களுக்கு இரண்டு ரவுண்டு என்பது என் கணக்கு. இரண்டு முடிந்தும் ஜெயராணி நின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, இன்னொண்ணு போடுவோமா?"

தலையாட்டினாள். மூன்று, நான்கு என்று போனது. ஐந்தாவது ரவுண்டில் ஸ்குவாட்டில் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "விடாத, விடாத!" என்று கத்தினேன். மற்றவர்கள் கைதட்டினார்கள். அவள் எழுந்தாள்.

2. கருங்காப்பி

மறுநாள் ஃபோன் செய்தாள். "தொடை ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு டீச்சர். கை மடங்கவே மாட்டேங்கு."

"மொதல்ல எல்லாத்துக்கும் அப்படித்தான் இருக்கும். நாளைக்கு வந்து செத்த நேரம் செய்யி, எளகிரும்" என்றேன்.

அதற்கடுத்த நாள் காலை, ராஜபாளையம் வகுப்பின் நடுவில் அவள் கணவர் சேவியர் கூப்பிட்டார்.

"டீச்சர், அவளுக்கு ஒண்ணுக்குக் கருங்காப்பி கணக்கா போகுது. கட்டில விட்டு எந்திரிக்க முடியல. என்ன செய்ய?"

கோச்சிங் படிப்பில் இதைப் பற்றி ஒரு பக்கம் படித்திருந்தேன். அது என் வகுப்பில் நேராது என்று நினைத்திருந்தேன்.

"ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நானும் வாரேன்."

அளவுக்கு மீறிய பயிற்சியில் தசை சிதைந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது, அதைச் சுத்தம் செய்ய முடியாமல் கிட்னி திணறுகிறது என்றார் டாக்டர். ரத்தத்தில் அந்தக் கழிவு குறையாவிட்டால் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

"யாரு இவ்வளவு செய்யச் சொன்னது?"

"நான்தான் டாக்டர்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதுவதைத் தொடர்ந்தார்.

சேவியர் சொல்லித்தான் மற்றது தெரிந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்பதால் அவள் ஒருநேரச் சாப்பாட்டில் இருந்தாள். வகுப்புக்கு வந்த அன்று காலையிலிருந்து ஒரு டீ மட்டும் குடித்திருந்தாள். மில் சூட்டில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு நேராக என் வகுப்புக்கு வந்திருக்கிறாள்.

ஆறு நாள் டிரிப்ஸ் ஏறியது. இரண்டு வகுப்புகளையும் நிறுத்திவிட்டு நான் அங்கேயே கிடந்தேன். சேவியர் என்னைத் திட்டவில்லை. சிறுநீர் அளவைத் தாளில் எழுதி நர்ஸிடம் காட்டிக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் ரத்தத்தில் கழிவின் அளவு இறங்கத் தொடங்கியது. டயாலிசிஸ் தேவைப்படவில்லை.

அன்று மத்தியானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னய மன்னிச்சிரு ஜெயராணி" என்றேன்.

அவள் சொன்னாள்: "எனக்கு ரெண்டாவது ரவுண்டுலயே முடியல டீச்சர். நீங்க போதும்னு சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

3. இப்போது

புதிதாக வருகிறவர்களிடம் முதலில் தூக்கம், சாப்பாடு, தண்ணீர் பற்றிக் கேட்கிறேன். முதல் நாள் மூச்சு வாங்கும், மறுநாள் உடம்பு வலிக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம் என்கிறேன். வீக்கம், மடங்காத கை கால், நிறம் மாறிய சிறுநீர், இதில் ஒன்று வந்தாலும் வகுப்புக்கு வராமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரத்துக்குப் பாதி அளவுதான். போன மாதம் சேர்ந்த ஒரு பெண், "இதுக்கு வீட்லயே குனிஞ்சு நிமிந்திருக்கலாம்" என்று கோபித்துக்கொண்டு வேறு ஜிம்முக்குப் போய்விட்டாள். போகட்டும் என்று விட்டேன்.

ஜெயராணி திரும்பி வகுப்புக்கு வரவில்லை. உடம்பு தேறிய பிறகு, காலையில் சேவியரோடு செண்பகத்தோப்பு ரோட்டில் நடக்கிறாள். நான் ஸ்கூட்டரில் அந்தப் பக்கம் போனால் கை காட்டுவாள். நானும் காட்டுவேன். நின்று பேசும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

வகுப்பில் எல்லோரும் பார்க்கும்போது, "என்னால முடியல" என்று சொல்வது பெரும்பாலானவர்களுக்கு முடியாத காரியம். அவர்கள் சொல்வதற்கு முந்தியே "போதும்" என்று சொல்வதற்குத்தான் கோச் நிற்கிறார்.