வெளியே வைத்த குடில்

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் நிற்கும் மாதா சுரூபத்துக்கு இடது தோளில் நீலம் கிடையாது. அந்த இடம் வெறும் சுண்ணாம்பு வெள்ளை. சாயம் பூசிவிடலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் அம்மா மறுத்துவிடுகிறாள். அது மழையில் போன நிறம். அந்த மழை பெய்தபோது எனக்கு எட்டு வயது.

அப்போது நாங்கள் பேட்டையில் அத்தை வீட்டில் இருந்தோம். அத்தை அப்பாவின் அக்கா, ஓய்வு பெற்ற டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாளையங்கோட்டைப் பழைய புராட்டஸ்டண்ட் குடும்பம் ஒன்றின் கண்டிப்பு முழுவதும் அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. அம்மா கடற்கரையில் பிறந்த கத்தோலிக்கப் பெண். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களை அத்தை அட்வெந்து என்பாள், அம்மா திருவருகைக் காலம் என்பாள். மேஜையில் நான்கு மெழுகுவத்தி வைத்து, ஞாயிறுக்கு ஒன்று கூடுதலாக ஏற்றுவதில் இருவருக்கும் தகராறு இல்லை. சாயங்கால ஜெபத்தில் அட்வெந்து என்றால் என்ன என்று அத்தை கேட்பாள். “காத்திருக்கது” என்று நானும் தம்பியும் ஒப்பிப்போம்.

தகராறு சுரூபங்களில் வந்தது. அந்த வருடம்தான் அம்மா தன் கல்யாணப் பெட்டியின் அடியிலிருந்து அவற்றை எடுத்தாள். மாதா, சூசையப்பர், ஒரு மாடு, ஒரு கழுதை. பழைய மீன்வலைத் துண்டில் சுற்றி அவளுடைய அப்பா கொடுத்தனுப்பியவை. குழந்தை இயேசு தனிப் பொட்டலம். அதைப் பண்டிகைக்கு முந்தின இரவுதான் பிரிக்க வேண்டும்.

“என் வீட்டுக்குள்ள பொம்மை வைக்கக் கூடாது” என்றாள் அத்தை. “நாம வேதம் வாசிக்க ஜனம். பிள்ளைகளச் சிலைக்கு முன்னால முழங்கால் போட வைக்கப் போறியா?”

அப்பா பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். மறுநாள் காலையில் அம்மா வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், முருங்கை மரத்தடியில், தென்னோலையால் குடில் கட்டினாள். தெருவில் போகிற எவருக்கும் அதைப் பார்க்காமல் போக வழியில்லை.

“என்ன பிள்ள இது?”

“வீட்டுக்குள்ளதான மதினி வைக்கக் கூடாதுன்னீங்க?”

எதிர்க் கடை அண்ணாச்சி கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார். “என்ன டீச்சரம்மா, ஊர்ல எல்லாரும் கொலுவ எடுத்து உள்ள வச்சாச்சு. நீங்க இப்பதான் வைக்கீயளா?”

வெயிலே இல்லாத அந்தக் காலையில் அத்தை குடையை விரித்து, முகத்தை மறைத்துக்கொண்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனாள்.

குடிலின் நடுவில் காலித் தீவனத் தொட்டி இருந்தது. அன்றன்று நல்ல காரியம் செய்தவர் பெயருக்கு அதில் ஒரு வைக்கோல் போடலாம். குழந்தை வரும்போது படுக்கை மெத்தென்று இருக்க வேண்டும் என்பது அம்மா வீட்டு வழக்கம். யாருக்கு வைக்கோல் உண்டு, யாருக்கு இல்லை என்று தீர்ப்பவள் மூத்தவளான நான். அப்பாவுக்கு எப்போதாவது கிடைக்கும். அத்தைக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

மூன்றாம் மெழுகுவத்தி ஏற்றிய வாரத்தில், ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நான் குடிலை நோக்கி ஓடினேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்த அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“உள்ள கொண்டுவரக் கூடாதுன்னு அத்தை சொல்லியிருக்காங்கல்லா?”

“நனையுதும்மா!”

“நனையட்டும்.”

ஓலை ஒழுகி, மாதாவின் தோளிலிருந்து நீலம் வழிந்தது. தம்பி அழுதான். “நான் போய் எடுத்துட்டு வாரேன்” என்று அப்பா எழுந்தார். “நீங்க உக்காருங்க” என்றாள் அம்மா. அவர் உட்கார்ந்தார்.

அத்தை இரண்டு முறை ஜன்னலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாவது முறை பொறுக்கவில்லை. “ஏ பிள்ள, உனக்கென்ன கிறுக்கா? உங்க அப்பா குடுத்ததுல்லா அது. போய் எடு.”

“எடுத்து எங்க மதினி வைக்க?”

கழுதை சேற்றில் சாய்ந்தது. அத்தை குடையோடு இறங்கினாள். ஒரு கையால் ஒன்றும் நடக்கவில்லை. குடையை வீசிவிட்டு, எல்லாவற்றையும் முந்தானையில் வாரிக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

“எங்க வைக்கட்டும்?”

“உங்க வீடு மதினி. நீங்கதான் சொல்லணும்.”

அத்தை கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். மெழுகுவத்திகளை ஒதுக்கி, தன் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் அவற்றை வரிசையாக நிறுத்தினாள். அவளுடைய வெள்ளைச் சேலையில் நீலம் இறங்கியிருந்தது.

“முழங்கால் மட்டும் போடக் கூடாது” என்றாள்.

அதற்குப் பிறகுதான் அம்மா எழுந்தாள். துண்டை எடுத்து வந்து அத்தைக்குத் தலை துவட்டினாள்.

அப்பா தொட்டியையும் கொண்டுவந்து வைத்தார். அன்று என் தீர்ப்பு கறாராக இருந்தது. அத்தைக்கு முதன்முதலாக ஒரு வைக்கோல் போட்டேன். அம்மாவுக்குப் போடவில்லை.

“எனக்கு ஏன் இல்ல?”

“நீ சும்மாத்தான உக்காந்திருந்த?”

அம்மா மறுக்கவில்லை. சிரித்தாள். அட்வெந்து என்றால் என்னவென்று தினமும் தப்பில்லாமல் ஒப்பித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த வாசற்படியில் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது விளங்கவில்லை.