விரல் வைத்துக் காட்டிய சாலை

சுடுகாட்டுக்குப் போகும் ஒரு தடத்தை வரைபடத்திலிருந்து அழித்தவன் நான். அந்தத் தடத்தில் நடந்தவர்களிடம், அது பத்திரமாக இருக்கிறது என்று பொய்யும் சொன்னேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை... நானாகத்தான் செய்தேன்.

ஓசூரில் மனைப்பிரிவுகளுக்கு வரைபடம் போடுவது என் பிழைப்பு. விளைநிலத்தை வீட்டுமனையாக்க அனுமதி கேட்டால் இரண்டு படங்கள் கொடுக்க வேண்டும். நிலத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பது ஒன்று. இனி என்ன வரப்போகிறது என்பது மற்றொன்று. கிணறு, ஓடை, மின்கம்பம், ஆள் நடக்கும் தடம் எதையும் முதல் படத்தில் விடக் கூடாது. அதை நம்பித்தான் அதிகாரிகள் மேலே நகர்கிறார்கள். நம்பி! இந்தச் சொல்லை எழுத எனக்கு என்ன தகுதி?

சூளகிரியிலிருந்து பேரிகை போகும் வழியில் இருந்தது அந்த நிலம். அதன் வடக்கே கூலிவேலைக் குடும்பங்களின் காலனி, தெற்கே அவர்களுடைய சுடுகாடு. இடையில் நிலத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு அந்தத் தடம். தனியார் பட்டா நிலம் என்பதால் அரசின் சர்வே படத்தில் அது ஏறவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பாடை சுமந்தவர்களின் காலடியில் மண் இறுகிக் கிடந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

நேர்மையாகவே தொடங்கினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? இனி வரப்போவதைக் காட்டும் இரண்டாவது படத்தை முதலில் போட்டபோது, ஒரு சாலையைச் சற்றே வளைத்துச் சுடுகாடு வரை கொண்டுபோயிருந்தேன். இரண்டு மனைதான் குறைந்தது. நிலத்தை வாங்கி மனை போடுகிறவர் அதைப் பார்த்துவிட்டுக் கோபிக்கவில்லை.

"பொணம் போற ரோட்டுல எவன் சார் மனை வாங்குவான்?" என்று மட்டும் கேட்டார்.

அவ்வளவுதான்... என் நேர்மை அந்த ஒரு கேள்விக்குக்கூடத் தாங்கவில்லை! சாலையைப் பாதியில் நிறுத்தி, அதன் முடிவில் மதில் வரைந்தேன். முதல் படத்திலிருந்து தடத்தையும் நீக்கினேன். அதிகாரிகள் பார்வையிட வருமுன் நிலத்தை உழுது கொள்ளு விதைத்துவிடுங்கள் என்று யோசனை சொன்னதும் நான்தான். அவர் கேட்கவேயில்லை. நானாகச் சொன்னேன். ஏன் சொன்னேன்? கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கவா?

டிராக்டர் ஓடியதைப் பார்த்துக் காலனி மிரண்டுவிட்டது. பஞ்சாயத்தில் ஆட்சேபணை கொடுக்க ஊரே கையெழுத்துப் போட்ட மனுவோடு, மூக்கண்டப்பள்ளியில் இருக்கும் என் அலுவலகத்துக்குக் காலனியிலிருந்து நாகம்மா வந்தார். மனுவைக் கொடுக்குமுன், நிலத்தை அளந்தவனிடமே தடம் என்னவாகும் என்று கேட்டுவிடலாம் என்று வந்திருந்தார். தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். அவர் வீட்டில் தெலுங்கு. என் வீட்டிலும் தெலுங்கு. அந்த மொழியிலேயே உட்காரச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. படத்தை மேசையில் விரித்து, அந்தச் சாலையின் மேல் என் ஆள்காட்டி விரலை வைத்து இழுத்தேன். இதுதான் உங்கள் தடம், இனிமேல் தார்ச்சாலையாகவே போகலாம் என்றேன். மதிலுக்கு நான் போட்டிருந்த கோட்டையும் தாண்டி விரல் நகர்ந்தது!

நாகம்மாவும் தன் விரலை வைத்து அதே வழியில் இழுத்துப் பார்த்தார். மனுவை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். பஞ்சாயத்தில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. அனுமதி வந்தது, மனைகள் விற்றன, மதில் எழுந்தது.

போன ஆடியில், அங்கே மனை வாங்கிய ஒருவருக்கு வீட்டுக்கு அளவு குறித்துக்கொண்டிருந்தேன். பட்டப்பகல். மேளச் சத்தம் கேட்டது. மதில் எழுந்தபின் காலனியில் விழுந்த முதல் சாவு; மதிலில் வழி விட்டிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் பாடை ஒன்று அந்தத் தார்ச்சாலையில் வந்து மதிலுக்கு முன் நின்றது. மேளமும் நின்றது. நாகம்மாவின் கணவர் மாரப்பன்தான் பாடையில் கிடந்தார். சுமந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள்... பாடையை எங்கே இறக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை.

பின்னால் வந்த நாகம்மா என்னைப் பார்த்துவிட்டார்.

"சார், அன்னிக்கு வெரல் வெச்சுக் காட்டுனீங்களே... அந்த ரோடு இதுதானுங்களா?"

அந்த இடத்திலாவது உண்மை சொல்லியிருக்கலாம். அவர் கணவர் அங்கே பிணமாகக் கிடக்கிறார்! நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆபீஸ்ல மாத்திட்டாங்கம்மா" என்றேன்.

அவர் தலையாட்டினார். "அப்டிங்களா... பாவம், அதுக்கு நீங்க என்ன சார் பண்ணுவீங்க" என்றார்.

என்னைத் தேற்றினார்! அவர் காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். பாடையைத் திருப்பி, கன்டெய்னர் லாரிகள் உறுமும் நெடுஞ்சாலை ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். அன்று மதியம் சோற்றைப் பிசைந்த கையை நடுவில் நிறுத்தி, அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு... சாப்பிட்டேன். முழுச் சோற்றையும் சாப்பிட்டேன். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கதை அங்கே முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பதினைந்து நாள் கழித்து நாகம்மா மறுபடி வந்தார். மதிலை இடித்து வழி கேட்டுக் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டுமாம். அதை எழுதித் தர அவருக்கு நம்பிக்கையான ஆள் நான்தானாம்!

அந்த மனு நிற்க ஒரே வழிதான் உண்டு. தடம் அங்கே இருந்தது, நான்தான் அதைப் படத்தில் காட்டாமல் மறைத்தேன் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அதிகாரிகள் கோப்பைப் புரட்டுவார்கள். அதில் தடமே இருக்காது. கீழே என் கையெழுத்துதான் இருக்கும். எழுதினால் என் உரிமம் போகும், பிழைப்பு போகும், வழக்கும் வரலாம். எழுதாவிட்டால் அந்தக் காலனியில் அடுத்துச் சாகிறவரும் லாரிகளுக்கு நடுவில்தான் போக வேண்டும்.

நேற்றும் போன் செய்தார். எழுதிவிட்டீர்களா என்று தயக்கத்தோடுதான் கேட்டார். எழுதிக்கொண்டிருக்கிறேன் அம்மா என்றேன்.

எழுதிக்கொண்டுதான் இருந்தேன்... இதை, உங்களுக்கு. அவருடைய மனுவில் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.