மஞ்சள் கயிறு கட்டிய வாத்துகள்

யசோதாவுக்கு முதல் பிள்ளை பெண்ணாகப் பிறந்தபோது அந்த வீட்டில் ஒரு பிடி சர்க்கரைகூட யாரும் வாங்கி வரவில்லை. புருஷன் முனிகிருஷ்ணன் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துவிட்டு, நேரமாச்சு என்று மோட்டார் பட்டறைக்குப் போய்விட்டான். பிள்ளையோடு வீட்டுக்கு வந்த மறுநாள் விடியலில் யசோதா கண் விழித்தபோது, தலைமாட்டில் கவிழ்த்து வைத்த டம்ளருக்கடியில் உரித்த வாத்து முட்டை ஒன்று இருந்தது. சூடு ஆறவில்லை. மேலே உப்பும் மிளகும் தூவியிருந்தது. அடுத்த நாளும் இருந்தது. தீட்டு கழிகிற வரைக்கும் ஒரு நாளும் தப்பவில்லை. வைத்தது யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. ஆனால் ஓர்ப்படி கோமளம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. டம்ளரை எடுத்துக் கழுவும்போதுகூட யசோதா முகத்தைப் பார்க்க மாட்டாள்.

கோமளம் மூத்த மருமகள். அவள் புருஷன் சுந்தரம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. பொறந்த வீடு என்று சொல்லிக்கொள்ளவும் ஆள் இல்லை. மாமனார் இராஜமாணிக்கம் அவளை வைத்திருந்தது அவள் வளர்த்த வாத்துகளுக்காகத்தான். ஜோகுபாளையத்தில் அந்தச் சந்து வீடுகளில் கொல்லை என்று சொல்லும்படி இருந்தது அவர்கள் வீட்டில் மட்டும்தான். தகரம் போட்ட கூண்டு, ஒரு சிமென்ட் தொட்டி, மதிலுக்கு அந்தப் பக்கம் அல்சூர் ஏரிக்குப் போகும் சாக்கடை. அவ்வளவுதான்.

வாத்து விஷயத்தில் கோமளம் கண்டிப்பானவள். ஆறு பெட்டைக்கு ஒரு ஆண், அதற்கு மேல் வைக்க மாட்டாள். குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் சத்தத்தைக் கேட்டே ஆண் பெண் பிரித்துவிடுவாள். ஊரைக் கூட்டினால் பெட்டை, தொண்டை கட்டினதுபோல் முனகினால் ஆண். மிஞ்சின ஆணை அவளே பிடித்து, ஒரு வாய் தண்ணீர் காட்டி, "தாயே" என்று சொல்லி அறுத்துவிடுவாள். பக்கத்து வீட்டு பிரிஜெட் ஆன்ட்டிதான் வாங்கிக்கொள்வாள்.

"உனக்குப் பாவம்னு தோணாதாக்கா?" என்று யசோதா ஒருமுறை கேட்டாள்.

"அறுக்கலன்னாதான் பாவம். ஆணு அதிகமாயிட்டா பெட்டைய மிதிச்சே கொன்னுடும் யசோதா."

தொண்ணூற்று மூன்றில் யசோதா மறுபடியும் முழுகாமல் இருந்தாள். அந்த மாதம் இராஜமாணிக்கம் பச்சைத் தலை மினுங்குகிற ஆண் வாத்து ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். அதன் காலில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது.

"இது ஏரிக்கரை அம்மனுது. யசோதா பேருல நேர்ந்து விட்டிருக்கேன். பேரன் பொறந்தாதான் அறுக்கணும். அதுவரைக்கும் அடைக்கக் கூடாது, யாரும் கை வைக்கக் கூடாது."

"சரி மாமா. இருக்கிற ஆணைத் தள்ளிட்டு இதை வெச்சுக்கறேன்" என்றாள் கோமளம். பழைய ஆண் அன்றைக்கே பிரிஜெட் ஆன்ட்டி வீட்டுக்குப் போனது. கணக்கு கெடவில்லை.

அதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. பின் சந்தில் மூன்று பெண்ணுக்கு அப்புறம் ஒருத்திக்கு ஆண் பிறந்தது. அவளும் வாத்து நேர்ந்தவள்தானாம். அவ்வளவுதான், சந்தில் பிள்ளை வேண்டிய வீடெல்லாம் ஆளுக்கொரு ஆண் வாத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டு இராஜமாணிக்கத்தைத் தேடி வந்தது. "உங்க வீட்லதான் எடம் இருக்கு, பெரியவரே" என்று கும்பிட்டார்கள். கார்ப்பரேஷன் வேலையிலிருந்து நின்றபின் அவரை அப்படி யாரும் கும்பிட்டதில்லை. வந்ததையெல்லாம் வாங்கிக் கொல்லையில் விட்டார். ஆறு பெட்டைக்கு ஏழு ஆண் ஆயிற்று.

"சாமி பேரைச் சொல்லி ரௌடிங்களை உள்ள விட்டுட்டாரு உங்க மாமனார்" என்றாள் பிரிஜெட் ஆன்ட்டி மதில்மேல் கையை ஊன்றி. "ஈஸ்டருக்கு எனக்கு ரெண்டு தள்ளிவுடு கோமளம். எங்க சாமி உங்க சாமிகிட்ட பேசிக்கும்."

கோமளம் சிரிக்கவில்லை.

பெட்டைகளுக்குத் தின்ன நேரமில்லாமல் போயிற்று. ஒன்று இறங்கினால் இன்னொன்று ஏறியது. பிடரி இறகு உதிர்ந்து தோல் சிவந்து, தோல் பிய்ந்து சதை தெரிந்தது. கோமளம் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினாள். பழைய ரவிக்கைத் துணியைக் கிழித்துப் பெட்டைகளின் முதுகில் போர்த்திக் கட்டினாள். அதைப் பார்த்து முனிகிருஷ்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பார்றா, வாத்துக்கு ஜாக்கெட்டு! அண்ணி, அடுத்தாப்புல பொட்டு வெச்சி வுடுங்க."

முதலில் ஒரு பெட்டை கண் போய்ச் செத்தது. பிறகு இரண்டு தொட்டியில் மிதந்தன. முட்டை நின்றுவிட்டது. "முட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உனக்கு எதுக்குச் சோறு?" என்று மாமனார் கேட்க ஆரம்பித்தார்.

அதன்பின் கோமளம் ஒரு திருட்டுவேலை செய்தாள். மத்தியானம் அவர் படுத்ததும் ஆண் வாத்துகளைக் கூடைகளுக்குள் மூடி, மேலே கல் வைப்பாள். அவர் எழுவதற்குள் திறந்துவிடுவாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் பெட்டைகள் தின்னும், குளிக்கும், இறகு கோதும். அதில் நொண்டிப் பெட்டை ஒன்று அவள் மடியிலேயே வந்து படுத்துக்கொள்ளும். யசோதா இதையெல்லாம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் கோமளம் கெரோசினுக்கு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். யசோதாவுக்கு ஏழு மாதம். காலையிலிருந்து வயிற்றில் அசைவில்லை. ஜன்னலில் வந்து நின்றாள். கூடைக்குள் அவள் பேரில் விட்ட ஆண் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அம்மனுக்கு விட்டதை அடைத்து வைத்ததால்தான் வயிற்றுப் பிள்ளையும் அடைபட்டுக் கிடக்கிறதோ என்று அவளுக்குப் பகீரென்றது. இன்னொரு பெண் பிறந்தால் இந்த வீட்டில் தன் கதி என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். கொல்லைக்குப் போய்க் கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள். கூடையைத் தூக்கினாள். ஒன்றை மட்டும் விட்டால் அம்மன் கோபிப்பாளோ என்று எல்லாவற்றையும் தூக்கினாள். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். தொட்டிப் பக்கம் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

கோமளம் வந்தபோது நொண்டிப் பெட்டை தொட்டியில் தலை முங்கிக் கிடந்தது. செத்த பிறகும் அதன்மேல் ஒரு ஆண் ஏறி நின்றது. அவள் அதைத் தள்ளிவிட்டுப் பெட்டையை எடுத்தாள். கழுத்துத் தோல் கையோடு வந்தது.

"கூடைய யாரு எடுத்தது?"

"தெரியலக்கா. நான் தூங்கிட்டேன்."

கோமளம் வரிசையாக ஓரம் வைத்திருந்த கற்களைப் பார்த்தாள். 

அந்த வெள்ளிக்கிழமை காலை சந்து ஆண்கள் வேலைக்கும் மாமனார் டீக்கடைக்கும் போனதும் ஆறு ஆண் வாத்துகளைக் கோணியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தாள். மேளமில்லை, பொங்கலில்லை. ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் காட்டி, "உன்னுது, நீயே வெச்சுக்க தாயே" என்று அம்மன் சூலத்துக்கு முன்னால் அறுத்தாள். யசோதா பேரில் விட்டதை மட்டும் கொல்லையிலேயே விட்டிருந்தாள். அதை அறுத்தால் வேண்டுதல் கெட்ட பழி யசோதா தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியாதா?

சாயங்காலம் சந்தே வாசலில் நின்றது. "இன்னும் பொறக்கவே இல்லியே! எம் புள்ளைய வயித்துக்கு வர்றதுக்கு முன்னயே அறுத்துட்டியேடி, மலடி!" என்று ஒருத்தி மண்ணை வாரி இறைத்தாள். மாமனார் எல்லார் முன்னாலும் செருப்பைக் கழற்றி அடித்தார். கோமளம் கையைக்கூடத் தூக்கித் தடுக்கவில்லை. யசோதா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கூடையை எடுத்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். கதவை இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டாள்.

உடனே துரத்தவும் இல்லை. பிரசவத்துக்கு வேலை செய்ய ஆள் வேண்டுமே. கூண்டுப் பக்கம் படுக்கச் சொன்னார்கள். மிச்சச் சோறு போட்டார்கள். யாரும் பேசக் கூடாது என்று பெரியவர் உத்தரவு. பேசினால் தன் பிள்ளைக்கு ஆகாது என்று யசோதாவும் பேசவில்லை.

ஆவணியில் பிறந்தது. பெண்.

"அந்தக் கொலகாரி மூச்சுக் காத்து பட்டா வேற என்ன பொறக்கும்?" என்றார் இராஜமாணிக்கம். பிள்ளை கிடந்த அறைக்குள் கோமளத்தை விடவில்லை. இந்த முறை யசோதா தலைமாட்டில் டம்ளர் நிமிர்ந்தே இருந்தது. தீட்டுத் துணியெல்லாம் அலசிப் போட்டபின், கிளம்பச் சொல்லிவிட்டார்கள். பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் கம்பெனியில் பெருக்குகிற தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி இருந்தாள். ஒரு துணிப்பையோடு கோமளம் கொல்லை வழியாகப் புறப்பட்டாள்.

யசோதா சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு, பெரியவளைக் கையில் பிடித்தபடி கொல்லைக் கதவண்டை வந்து நின்றாள். எத்தனையோ நாளுக்கப்புறம் "அக்கா" என்று கூப்பிட்டாள்.  அழுகைதான் வந்தது.

கோமளம் திரும்பினாள். கொல்லையில் மிஞ்சியிருந்த இரண்டு பெட்டைகளையும், கயிறு கட்டிய அந்த ஒற்றை ஆணையும் பார்த்தாள். பிறகு யசோதாவைப் பார்த்தாள்.

"ரெண்டு பெட்டைக்கு அது ஒண்ணே அதிகம். மத்தியானத்துல கூடை போட்டு மூடு. மேல கல்லு வை. இந்தத் தபா நீ எடுக்காத யசோதா."